நொய்யல் கரை ஊர்கள் சேர்ந்து வளர: கோவை, திருப்பூர் வட்டார வளர்ச்சித் திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் "வட்டார வளர்ச்சி", "மாஸ்டர் பிளான்" (எந்த நிலம் எதற்கு என்று நிறம் பிரித்துக் காட்டும் திட்டம்), "இணைப்பு" (ஊர்களை மாநகராட்சியோடு சேர்ப்பது) என்ற சொற்கள் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றன. கிராம சபையிலும் டீக்கடையிலும் மக்கள் கேட்கிற கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஊருக்கு ஊர் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி இருக்கிறது. அப்புறம் எதற்குத் தனியாக ஒரு வட்டாரத் திட்டம்?

ஒரு பனியன் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். நூல் கோவைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்லிலிருந்து வருகிறது. திருப்பூரில் நிட்டிங். சாயம் ஏறுவது இன்னொரு பகுதியில், சில சமயம் பெருந்துறையில். காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் அழுத்திச் சீராக்குவது) முடிந்து கட்டிங்குக்குப் போகிறது. தைக்கிற பவர் டேபிள் அவினாசியிலோ காங்கேயம் ரோட்டிலோ ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் இருக்கும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து பெட்டி தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்புவதற்குள் அந்தத் துணி அரை டஜன் உள்ளாட்சிகளின் எல்லையைத் தாண்டியிருக்கும்.

அதைத் தைக்கிற பெண் காலையில் ஏழரை மணிக்கு கம்பெனி வேனுக்காகச் சாலையோரம் நிற்கிறார். அவர் நிற்கிற இடம் ஓர் ஊராட்சி, இறங்குகிற இடம் மாநகராட்சி. வேன் போகிற தார்ச்சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. வீட்டில் அவர் பிடித்து வைத்த குடிநீர் குடிநீர் வாரியத்துடையது. பொருளாதாரம் முழுதும் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. அதை நிர்வகிக்க வேண்டியவர்கள் மட்டும் தங்கள் எல்லைக்கல் வரைக்கும்தான் பார்க்கிறார்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமும் சேர்த்துப் பார்ப்பதைத்தான் வட்டாரத் திட்டம் என்கிறோம்.

கோவையும் திருப்பூரும் இப்போது வெவ்வேறு மாவட்டம். இரண்டையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

மாவட்டம் பிரிந்தது 2009-இல். நொய்யல் அதற்கு எத்தனையோ ஆயிரம் வருடம் முந்தியது. வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பிறந்து, கோவையைத் தொட்டு, திருப்பூருக்கு நடுவே ஓடி, ஈரோடு மாவட்டத்தைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது.

இந்த ஆற்றங்கரை இன்று நேற்றுத் தொழில் பழகியதல்ல. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்களும் கிடைத்தன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் வரைக்கும் சரக்கு போன பாதை இது. அந்தக் காலத்து வணிகனுக்கு இது ஒரே வட்டாரம்.

இன்றைக்கும் அப்படித்தான். கோவையில் மோட்டார் பம்ப், கிரைண்டர், வார்ப்படம். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி. திருப்பூரில் பின்னலாடை, இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. காங்கேயத்தில் அரிசி ஆலையும் தேங்காய் எண்ணெயும், பொள்ளாச்சியில் தென்னை, சென்னிமலையில் பெட்ஷீட், ஈரோட்டில் ஜவுளிச் சந்தையும் மஞ்சளும். ஒன்றில் அடி விழுந்தால் இன்னொன்றுக்கு வலிக்கும். திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் நூல் மில்லில் ஷிப்ட் குறையும். பக்கத்துக் கிராமத்து மளிகைக்கடையில் கடன் நோட்டு தடிக்கும்.

சேர்ந்து திட்டமிடாததால் அப்படி என்ன நஷ்டம் வந்துவிட்டது?

இதற்கு நான் எப்போதும் சொல்கிற பதில் ஒரத்துப்பாளையம் அணை. 1990-களின் தொடக்கத்தில், சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காகக் கட்டினார்கள். ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயிகளின் நிலத்துக்குத் தண்ணீர் விடுவதாகத் திட்டம். அதே காலத்தில், ஆற்றின் மேலே திருப்பூரில் ஏற்றுமதி வேகமெடுத்தது. ஏற்றுமதி என்றால் சாயம், சாயம் என்றால் உப்பு, உப்பு என்றால் கழிவுநீர். அணை நிரம்பியது, சாயக் கழிவால். மேலே ஒரு துறை தொழிலை வளர்த்தது, கீழே இன்னொரு துறை அணையைக் கட்டியது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆளில்லை.

கீழ்மடை விவசாயியின் கிணறு உப்பானது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய தென்னையில் குரும்பை உதிர்ந்தது. ஆடுமாடு முகம் திருப்பிக்கொண்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் (ஆற்றுப் பாசனம் பெறும் நில உரிமையாளர்கள்) நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் காலக்கெடு வைத்தது. அது நிறைவேறாமல் போக, 2011 ஜனவரி கடைசியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லிவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரே நாளில் ஊரின் நடு நரம்பு அறுந்த மாதிரி ஆனது. துணி லாரியேறி வேறு மாவட்டங்களுக்குச் சாயம் போடப் போனது. போன இடத்திலும் அதே கழிவு, இன்னொரு ஆற்றில். கூலிக்கு வந்த குடும்பங்கள் மூட்டை கட்டின.

பிறகு திருப்பூர் மீண்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மறுபடி பட்டறைக்கே அனுப்புகிறார்கள். இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்து காட்டிய ஊர் உலகத்திலேயே அபூர்வம். திருப்பூர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் இதே செலவை 20 வருடம் முன்னால், மேல்மடையும் கீழ்மடையும் சேர்ந்து உட்கார்ந்து பேசிச் செய்திருந்தால் எத்தனை கிணறு பிழைத்திருக்கும்? அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை.

சேர்ந்து செய்து உருப்பட்ட காரியம் ஏதாவது உண்டா?

உண்டு, தண்ணீரிலேயே உண்டு. நாம் தினமும் சொல்கிற "கூட்டுக் குடிநீர்த் திட்டம்" என்ற பெயரைக் கவனியுங்கள். பவானி ஆற்றின் பில்லூர் அணைத் தண்ணீர் எத்தனை ஊருக்கு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஊராட்சியும் தனக்கென்று பவானியிலிருந்து குழாய் போட முடியாது என்பது எல்லாருக்கும் புரிந்ததால், யாரும் கௌரவம் பார்க்கவில்லை.

திருப்பூருக்கென்றே 1995-இல் ஒரு தனி நிறுவனம் தொடங்கினார்கள்: புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம். அரசும், ஏற்றுமதியாளர்களும், நிதி நிறுவனங்களும் பங்குதாரர்கள். பவானிப் பக்கத்திலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005 வாக்கில் ஓடத் தொடங்கியது. தொழிற்சாலை அதிக விலை கொடுக்கும், வீட்டுக்கும் கிராமத்துக்கும் குறைந்த விலையில் போகும் என்பது கணக்கு. சாயப்பட்டறைகள் தண்ணீரை மறுசுழற்சி செய்யத் தொடங்கியதும், மூடப்பட்டதும், அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. தண்ணீர் கொண்டுவருவதை ஒரு திட்டமாகவும், போகிற கழிவை வேறு பிரச்சினையாகவும் பார்த்ததன் விலை அது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் இன்னொன்று. தாத்தா காலத்துக் கோரிக்கை பேரன் காலத்தில் நிறைவேறியது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது, செலவு ரூ.1,916 கோடி. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் 1.5 டி.எம்.சி. தண்ணீரை மேடேற்றி ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது நோக்கம். ஒரு பேரூராட்சி நினைத்து இது நடக்குமா? மூன்று மாவட்டத்து மக்கள் ஒரே குரலில் விடாமல் கேட்டதால் நடந்தது.

எல்லா ஊரையும் மாநகராட்சியோடு இணைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது அல்லவா?

கொஞ்சம் தீரும், முழுசாகத் தீராது. 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சில பேரூராட்சிகளும் கோவையோடு சேர்ந்தன. 72 வார்டு 100 ஆனது. திருப்பூரோடு நல்லூரும் 15 வேலம்பாளையமும் சேர்ந்தன. சாக்கடையையும் தெருவிளக்கையும் ஒரே கையில் வைத்துச் செய்ய இது உதவும்.

ஆனால் இணைப்பு என்றதும் கிராமத்தில் ஏன் எதிர்க்கிறார்கள் என்பதையும் மதித்துக் கேட்க வேண்டும். ஊரக வேலை உறுதித் திட்டத்து வேலை போய்விடும். வீட்டு வரி ஏறும். தலைவரை வீட்டு வாசலில் பிடித்துக் கேட்கிற உரிமை போய், 100 பேரில் ஒரு கவுன்சிலரைத் தேட வேண்டிவரும். இவை வீண் பயம் அல்ல. இன்னொன்று: எவ்வளவு இணைத்தாலும் எல்லை ஒன்று இருக்கத்தான் செய்யும், அதற்கு வெளியே அடுத்த லேஅவுட் முளைக்கத்தான் செய்யும். நொய்யலைக் காவிரி வரைக்கும் ஒரே மாநகராட்சிக்குள் கொண்டுவர முடியாது. ஊர் ஊராகவே இருக்கட்டும். பொதுவான ஐந்தாறு விஷயங்களில் மட்டும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

எந்த விஷயங்களில் சேர வேண்டும், எதில் வேண்டாம்?

தண்ணீர், கழிவு, பெரிய சாலையும் பேருந்தும், தொழிற்பேட்டைக்கான இடம், தொழிலாளர் குடியிருப்பு. இவற்றைத் தனியாகச் செய்ய முடியாது. பூங்கா, தெருவிளக்கு, சந்தை நாள், கோயில் திருவிழாவுக்குப் பந்தல், இதெல்லாம் அந்தந்த ஊர் பார்த்துக்கொள்ளும். குப்பை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கோவை மாநகரத்தின் குப்பை பல வருடங்களாக வெள்ளலூரில் மலையாகக் குவிந்தது. ரோமானியக் காசு கிடைத்த அதே வெள்ளலூர். கிடங்கில் தீப்பிடித்தால் புகை குடிப்பது சுற்றியுள்ள மக்கள். நகரத்தின் வசதி ஒருவருக்கும் அதன் நாற்றம் வேறொருவருக்கும் என்றால் அதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கம்பெனி வருகிற ஊருக்குத்தானே வரி? பக்கத்து ஊருக்கு அதில் என்ன லாபம்?

முக்கியமான கேள்வி. உண்மையில் எல்லாப் பேச்சும் இங்கே வந்துதான் முட்டி நிற்கிறது.

இன்றைய நிலை இதுதான். கம்பெனிக் கட்டிடத்தின் சொத்து வரி அது நிற்கிற உள்ளாட்சிக்கு. அங்கே வேலை செய்கிறவர்களின் தொழில் வரி, அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடித்து அதே உள்ளாட்சிக்கு. தொழிலாளி குடியிருக்கிற ஊராட்சிக்கு என்ன வருகிறது? அவர் வீட்டின் சொற்ப வரி. ஆனால் அவர் பிள்ளைக்கு அங்கன்வாடி, அவர் தெருவுக்குச் சாக்கடை, அவர் வீட்டுக் குப்பை எல்லாம் அந்த ஊராட்சி தலையில். 10 வருடத்தில் குடித்தனம் மூன்று மடங்கு ஆன ஓர் ஊராட்சியை எனக்குத் தெரியும். தூய்மைப் பணியாளர் எண்ணிக்கை மட்டும் பழையபடியேதான். காலையில் தள்ளுவண்டியோடு வருகிற அம்மா மூன்றாவது தெருவுக்கு வருவதற்குள் வண்டி நிரம்பிவிடும். மற்ற தெருக்களுக்கு மறுநாள்.

அதனால் ஒவ்வோர் ஊரும் கம்பெனி எனக்கு வேண்டும், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு உனக்கு என்று இழுக்கிறது. அனுமதியில் கண்டும் காணாமல் விடுவதும் இந்த இழுபறியில்தான் நடக்கிறது.

இதற்கு அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் ஒரு வழி கண்டுபிடித்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களும் அவற்றைச் சுற்றிய ஊர்களுமாக 7 கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி). 1971-இல் சட்டம் போட்டார்கள்: அந்த வருடத்துக்குப் பிறகு ஓர் ஊரில் வணிக, தொழில் கட்டிடங்களின் வரி மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ, அதில் 40 சதவீதம் பொதுக் குடத்துக்குப் போகும். அதைச் சொத்து குறைந்த, மக்கள் கூடிய ஊர்களுக்கு அதிகமாகவும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் பிரிப்பார்கள். கையில் இருந்த பழைய வரியை யாரும் பிடுங்கவில்லை, புதிதாக வருவதில் மட்டும் பங்கு. பர்ன்ஸ்வில் என்ற ஊர் வழக்குப் போட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 1974-இல் சட்டம் செல்லும் என்றது. அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. புளூமிங்டனில் 1992-இல் மால் ஆஃப் அமெரிக்கா திறந்தபோது அந்த வட்டாரத்தில் இருந்த ஏற்பாடு இதுதான்.

நம் கணக்கில் சொல்வதானால்: ஒரு புதிய கம்பெனியால் திருமுருகன்பூண்டிக்கு வருடம் 10 லட்சம் வரி கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 லட்சம் அந்த ஊருக்கே. 4 லட்சம் சுற்றுவட்டாரப் பொதுக் கணக்குக்கு. அங்கிருந்து தொழிலாளர் குடியிருக்கிற ஊராட்சிகளுக்குப் பணம் வரும். பக்கத்து ஊரில் கம்பெனி வந்தால் நமக்கும் நல்லது என்ற நிலை வந்துவிட்டால், எந்த இடம் தொழிலுக்குப் பொருத்தம், எந்த இடம் குளத்துக்கு நீர் வரும் பாதை என்பதைச் சண்டையில்லாமல் பேச முடியும்.

நம் சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா?

சேர்ந்து திட்டமிட இடம் இருக்கிறது, நிறையவே. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இரண்டு குழுக்களைச் சொல்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டத் திட்டக் குழு. 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள பெருநகரப் பகுதிக்குப் பெருநகரத் திட்டக் குழு. பெருநகரப் பகுதி ஒரு மாவட்டத்தைத் தாண்டியும் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. இந்தப் பெருநகரக் குழுவின் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். தண்ணீரைப் பகிர்வதும் சுற்றுச்சூழலைக் காப்பதும் அந்தத் திட்டத்தில் வர வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் கோவை நகர்த்தொகுப்பில் 21 லட்சம் பேருக்கு மேல். திருப்பூர்த் தொகுப்பில் 9.6 லட்சம், இன்றைக்கு 10 லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நம் மாநிலத்தின் 1971 நகர், ஊரமைப்புச் சட்டத்திலும் வட்டாரத் திட்டத்துக்கு வழி உண்டு. கோவைக்கும் திருப்பூருக்கும் தனித்தனியே நகர்ப்புற வளர்ச்சிக் குழுமங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. தனித்தனியே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு குழுமமும் மாதம் ஒருமுறையாவது ஒரே நொய்யல் வரைபடத்தைச் சுற்றி உட்கார வேண்டும். வரிப் பகிர்வுக்கு மட்டும் சட்டமன்றத்தில் புதிதாக வழி செய்ய வேண்டியிருக்கும்.

ஓர் ஆற்றை வைத்துப் பல ஊர்கள் உண்மையிலேயே சேர்ந்திருக்கின்றனவா?

ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் எம்ஷர் என்று ஓர் ஆறு. சுரங்கம் தோண்டியதால் நிலம் அடிக்கடி அமிழும். பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் போட்டால் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே திறந்த சாக்கடையாக்கிவிட்டார்கள். 1899-இல் கரையோர நகரங்களும், சுரங்கங்களும், ஆலைகளும் சேர்ந்து எம்ஷர் கூட்டமைப்பை உருவாக்கின. கழிவு அதிகம் விடுகிறவருக்குச் சந்தா அதிகம். சுரங்கங்கள் ஓய்ந்த பிறகு, 1992-இல் ஆற்றை மீட்கிற வேலையை அதே கூட்டமைப்பு தொடங்கியது. ஏறக்குறைய 30 வருடம், சுமார் 550 கோடி யூரோ. 2021 இறுதியில் எம்ஷரில் சாக்கடை விழுவது நின்றது.

நொய்யலுக்கும் அப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்பது என் ஆசை. கோவை மாநகராட்சி, திருப்பூர் மாநகராட்சி, நடுவில் உள்ள பேரூராட்சிகள், சாயப்பட்டறைச் சங்கம், ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே உள்ள விவசாயிகள் எல்லாரும் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். சாயக் கழிவு குறைந்த பிறகும் வீட்டுச் சாக்கடை ஆற்றில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு நாம் எல்லாருமே பொறுப்பு.

எங்கள் ஊருக்கு ஒரு சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) வந்தால் போதாதா?

வரட்டும். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வரவேற்போம். தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே, வேலைக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே தூங்குவார்கள்? பெருந்துறை சிப்காட்டைச் சுற்றி இருக்கிற ஊர்க்காரர்களிடம் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்களைத் திட்டத்தில் எப்படிச் சேர்ப்பது?

அவர்கள் இல்லாமல் இன்று எந்தக் கம்பெனியும் முழு ஷிப்ட் ஓட்ட முடியாது. ஆனால் பல ஊராட்சிக் கணக்கில் அவர்கள் இல்லை. மக்கள்தொகையை வைத்து நிதி வருகிறது. கணக்கெடுப்பில் வராத ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர்கூட ஒதுக்க முடியாது. ஒரே அறையில் எட்டுப் பேர், வாசலில் ஒரே குழாய் என்ற நிலையை மாற்ற வேண்டுமானால், தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போதே அதை ஒட்டி வாடகைக் குடியிருப்புக்கும் நிலம் ஒதுக்க வேண்டும்.

இதில் சாதாரண ஆளாக நான் என்ன செய்ய முடியும்?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. பக்கத்து ஊராட்சியோடு சேர்ந்து ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். ஓர் ஊர் போட்டால் கோப்பில் தூங்கும். ஒரே ஓடைக்கரையில் இருக்கிற ஐந்து ஊர் ஒரே தீர்மானம் போட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் எடுத்துப் படிப்பார்கள்.

மாஸ்டர் பிளான் வரைவு வெளிவரும்போது ஆட்சேபமும் யோசனையும் சொல்ல அவகாசம் தருவார்கள். அந்த நாட்களில் போய் வரைபடத்தைப் பாருங்கள். எல்லாரும் முதலில் தங்கள் சர்வே எண் குடியிருப்பா, விவசாயமா, தொழிலா என்றுதான் தேடுவார்கள், அது இயற்கை. பார்த்து முடித்த கையோடு உங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வருகிற ஓடையை விரலால் மேலே தொடர்ந்து போங்கள். எல்லையைத் தாண்டி, மேட்டுப் பக்கத்து ஊரில் அந்த ஓடைக்கரைக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கும் சேர்த்து மனு எழுதிக் கொடுங்கள்.